‘கச்சான் தாங்கி’ டெய்சிக்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி மடல்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய உங்கள் அனைவருக்கும்,

இவ்வாண்டு ஆடி மாதத்தில், மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் இறைத்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் வளவின் மேற்குப் பாத்தியில் நாம் கலந்து உருவாக்கிய ‘கச்சான் தாங்கி’ டெய்சிச் செடிகள் நாற்பதும் ஒருசேரப் பூத்து நின்றன. அவற்றின் மேல் நிழல்வலை இல்லை. காலையில் ஒருமுறை மாத்திரமே தண்ணீர் ஊற்றினோம். அந்தப் பாத்தியின் ஓரத்தில் நின்றபடி உங்கள் ஒவ்வொருவரையும் நினைத்துக்கொண்டேன். நேரில் சொல்லத் தொடங்கினால் எவரையேனும் விட்டுவிடுவேனோ என்ற அச்சத்தினாலேயே இம்மடலை எழுதுகிறேன். பெயர் குறிப்பிட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் எழுதவில்லை. செய்த உதவியைக் கொண்டு அவரவர் தம்மை அறிந்துகொள்வீர்கள்.

முதல் நன்றி உவர்மலை அம்மாவுக்கு உரியது. 2014ஆம் ஆண்டு தை மாதத்தில் உங்கள் வீட்டு வாசற்படியோரம் நின்ற செடியை நான் வியந்து பார்த்தபோது, “இது அம்மா காலத்துப் பார்பட்டன், யாரும் இப்ப வளர்க்கிறேல்லை” என்று சொல்லி, அகப்பைக் காம்பினால் கிளறி மூன்று பக்கக்கன்றுகளைப் பிரித்துத் தந்தீர்கள். 1990இல் நீங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய், நெடுநாள் கழித்துத் திரும்பி வந்தபோது, கூரையில் பாதி இல்லாத அந்த வீட்டில் இச்செடி மாத்திரம் பூத்து நின்றதாகவும் கூறினீர்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத கோடைகளை அது தனியே கடந்திருக்கிறது என்பதைக் கேட்ட அன்றே, எனது தாய்ச்செடி இதுதான் என்று முடிவுசெய்துவிட்டேன்.

பார்பட்டன் என்பது பொருத்தமான பெயரே. இன்று ஜேர்பரா என்று பூக்கடைகளில் விற்கப்படும் டெய்சியின் தாயகம் தென்னாபிரிக்கா. அங்குள்ள பார்பட்டன் என்னும் சுரங்க ஊரையடுத்து 1880களில் ரொபட் ஜேம்சன் என்பவர் சேகரித்த செடிக்கு அவருடைய பெயரையே தாவரவியலாளர்கள் சூட்டினர். பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் தாவரவியற் பூங்காவில் இர்வின் லிஞ்ச் அதனை வேறொரு ஜேர்பரா இனத்துடன் கலந்து வளர்த்ததிலிருந்தே இன்றைய பல வண்ண வகைகளின் வழி தொடங்குகிறது. உவர்மலைச் செடி, அந்தக் கலப்புகளுக்கு முந்தைய சாயலை நிறையவே வைத்திருக்கிறது: ஊசிபோல் ஒடுங்கிய செம்மஞ்சள் இதழ்கள், காற்றில் தள்ளாடும் நீண்ட காம்பு, அடிப்புறம் வெள்ளைப் பஞ்சு படர்ந்த தடித்த இலை. அழகு குறைவு என்று சொல்வோர் உண்டு. அதன் இலையைத் தொட்டுப் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள்.

பண்டாரவளையிலிருந்து அகன்ற இதழுடைய மலைநாட்டுச் செடிகளை அனுப்பிய மச்சாளுக்கு அடுத்த நன்றி. ஈரப் பத்திரிகையில் வேரைச் சுற்றி, பிஸ்கட் தகரத்தில் அடுக்கி, இரவு பஸ்ஸில் வருவோரிடம் நான்கு தடவை கொடுத்தனுப்பினீர்கள். முதல் இரண்டு தடவை வந்தவை இங்குள்ள வெயிலில் ஒரு மாதங்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. “செத்தால் என்ன, இன்னும் இருக்கு” என்று கடிதத்தில் எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகவே நான் மூன்றாம் தகரத்தைத் துணிந்து திறந்தேன். அதிலிருந்த வெளிர் மஞ்சட் செடியொன்று, கிடுகுப் பந்தலின் கீழ், 2015 மாசியில் இரண்டு பூக்களைத் தந்தது. அவ்விரண்டு பூக்களிலிருந்துதான் மகரந்தம் எடுத்தேன்.

கலப்புச் செய்யும் வேலையைப் பலர் கேட்டறிய விரும்பியதால் இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன். டெய்சியில் நாம் ஒரு பூ என்று பறிப்பது நூற்றுக்கணக்கான சிறுபூக்கள் கூடிய ஒரு தலை. வெளிவட்டத்தில் இதழ்போல் நீண்டிருக்கும் ஒவ்வொன்றும் ஒரு பெண் சிறுபூ. அவை முதலில் விரியும். மகரந்தம் தரும் நடுவட்டச் சிறுபூக்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சில நாட்கள் பிந்தியே திறக்கும். அந்த இடைவெளியில்தான் நமக்கு வேலை இருக்கிறது. நடுவட்டத்தைச் சவரத் தகட்டினால் வட்டமாக அகற்றிவிட்டு, வெளியிதழ்களின் அடியில் இரு பிளவாகத் தெரியும் குறிமுனைகளில், மற்றச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் பனி உலர்ந்த காலை வேளையில் தடவ வேண்டும். தடவியவுடன் மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டவும் வேண்டும். தேனீக்களைத் தடுப்பதற்கு மாத்திரமன்றி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் விதை முற்றும்போது அது தலையிலுள்ள பஞ்சை விரித்துப் பறந்துவிடும் என்பதற்காகவும் பை தேவை. ஜேர்பரா விதை முளைக்கும் திறனை விரைவில் இழந்துவிடும். ஆகவே பறித்த வாரத்திலேயே, தும்புத்தூளின் மேல், வெளிச்சம் படும்படி, மண் போடாமல் விதைத்தோம்.

அந்தத் துணிப்பைகளை எல்லாம் தைத்துத் தந்தவர் எங்கள் பின்வீட்டு மாமி. பழைய வேட்டியில் வெட்டி, சுருக்குக் கயிறு கோத்து, கையளவில் நூற்றுக்கும் மேல் தைத்தீர்கள். காசு வாங்க மறுத்தீர்கள். அவற்றில் பன்னிரண்டு இன்னும் கிழியாமல் இருக்கின்றன.

முதற்கலப்பில் 86 நாற்றுகள் பிழைத்தன. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திராததுபோல் அவையும் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை. எனக்கோ வண்ணம் நன்றாயிருந்த ஒவ்வொன்றின்மீதும் ஆசை. அப்போது விவசாயம் பயின்றுகொண்டிருந்த இரண்டு தங்கச்சிமார் விடுமுறைக்கு வந்து என்னைத் திருத்தினீர்கள். செடிகளுக்கு இலக்கம் மாத்திரம் இட்டு, எந்தத் தலையிலிருந்து வந்தது என்ற விவரத்தைத் தனிக் கொப்பியில் மறைத்து வைக்கச் செய்தீர்கள். பத்துச் செடிக்கு ஒன்றாக உவர்மலைத் தாய்ச்செடியை வரிசைக்குள் நட்டு, அதனோடு ஒப்பிட்டே எதையும் நல்லது கெட்டது என்று சொல்லவேண்டும் என்றீர்கள். பாத்தியின் ஒரு மூலையில் நீர் அதிகம் தேங்குகிறது, ஆகையால் அங்குள்ள செடி கொழுத்திருப்பது செடியின் குணமாகாது என்று நீங்கள் காட்டிய நாளில், முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த நான் ஒரு நல்ல பாடத்தைக் கற்றுக்கொண்டேன். அக்கொப்பிகள் இப்போது ஒன்பதாகிவிட்டன.

2018 மார்கழி எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது. இரண்டாம் தலைமுறை நாற்றுகளுக்காகக் கடையொன்றில் பை பையாக வாங்கிய நடுகைக் கலவை, சொல்லப்பட்டதுபோல் இளக்கமானதாக இருக்கவில்லை. மாரிமழையில் களியாக இறுகி நீரைப் பிடித்துவைத்தது. செடிகளின் குருத்து கறுத்து அழுகி, இழுத்தால் கையோடு வந்தது. விற்றவர்கள் பொறுப்பேற்கவில்லை. ஆயினும் முழுப் பிழையும் கலவையினுடையது என்று சொல்லமாட்டேன், ஏனெனில் நானும் ஆழமாக நட்டிருந்தேன். அதைக் கண்டுபிடித்தவர் என்னோடு நாள்தோறும் வேலை செய்யும் நிலாவெளி அக்கா. செத்தவற்றை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டு, கூரைத் தண்ணீர் விழுந்து மண் அரித்துப்போன ஓர வரிசையைக் காட்டினீர்கள். குருத்து வெளியே தெரியும்படி மண் கழுவுண்ட செடிகள் மாத்திரம் உயிரோடு நின்றன. அன்றிலிருந்து ஒவ்வொரு செடியையும் குருத்தின் கழுத்து மண்மட்டத்துக்கு மேலே ஒரு விரற்கடை நிற்க நடுகிறோம். அக்கா, இந்த வேலையில் உங்கள் கண்ணுக்கு நான் பட்ட கடன் மிகப் பெரிது.

அந்த இழப்புக்குப் பின் விட்டுவிடலாம் என்று நான் சோர்ந்திருந்த வேளையில், எனது பழைய தாவரவியல் ஆசிரியர் ஐயா வீட்டுக்கு வந்து ஒரு மாலை முழுவதும் லூதர் பர்பாங்கைப் பற்றிப் பேசினீர்கள். கலிபோர்னியாவில் 1884இல் டெய்சிகளைக் கலக்கத் தொடங்கிய அவர், ஐரோப்பியச் செடிகளோடு ஜப்பானியச் செடியையும் சேர்த்து, தூய வெண்மையான சாஸ்டா டெய்சியை 1901இல்தான் வெளியிட்டார் என்பதைச் சொல்லி, “பதினேழு வருஷம், பிள்ளை. உமக்கு இன்னும் நாலுதானே” என்று கேட்டீர்கள். ஐயா, அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை தப்பிய செடிகளைத் தாய்ச்செடியோடு திரும்பக் கலந்தேன்.

எதிர்வீட்டுத் தம்பிக்கு எவ்வாறு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் கிணறு ஆவணியில் உவர்த்துப்போகும். மணலுக்குள் மழைநீர் மெல்லிய படையாக மிதந்து நிற்கும் இவ்வூரில், மோட்டார் போட்டு இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும் என்பதை அறிந்து, நீங்கள் உங்கள் நன்னீர்க் கிணற்றில் மோட்டாரை நிறுத்திவிட்டு வாளியால் அள்ளித் தந்தீர்கள். எட்டுக் கோடைகள் அவ்வாறு தந்தீர்கள். பின்னர் உங்கள் யோசனைப்படியே, ஒரு வரிசைக்கு வேண்டுமென்றே எங்கள் உவர்நீரை ஊற்றினோம். இலையோரம் கருகாமல் அதைத் தாங்கிய செடிகளின் பட்டியலில், பின்னாளில் நாம் தெரிவுசெய்த 3-47 இலக்கச் செடியும் இருந்தது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, ஆட்டெருவும் விலையேறிய காலத்தில், கிண்ணியா நானா நீங்கள் முன்னைய விலைக்கே மூடை மூடையாகத் தந்தீர்கள். அடுத்த ஆண்டு பெற்றோல் இல்லாமல் போனபோது, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு நீங்களே உப்புவெளி வரை வந்தீர்கள். வந்த களைப்போடு செடிகளைச் சுற்றிப் பார்த்து, “இது நிண்டு பிடிக்கும்” என்று 3-47ஐச் சுட்டியதும் நீங்கள்தான்.

தேவாலயத்தில் சனிக்கிழமைதோறும் பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்யும் சகோதரிகளுக்கும் நன்றி. தோட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் பூ, வெட்டி நீரில் வைத்த மறுநாளே கழுத்து மடிந்து தலை தொங்குவது ஜேர்பராவுக்கு உள்ள பெருங்குறை. இலக்கமிட்ட பூக்களை நீங்கள் குவளையில் வைத்து, எது எத்தனையாம் நாள் மடிந்தது என்று துண்டுக் கடதாசியில் குறித்தனுப்பினீர்கள். எனக்கு மிகவும் பிடித்த இளஞ்சிவப்புச் செடியின் இலக்கம் எல்லாத் துண்டிலும் முதலாவதாக மடிந்தவற்றுள் இருந்தது. மனம் ஒப்பாவிட்டாலும் அதைக் கைவிட்டேன். நீங்கள் சொன்னது சரி.

மூதூர், தம்பலகாமம், குச்சவெளி ஆகிய இடங்களில் எங்களிடம் கன்றுகளைப் பெற்று வளர்த்துப் பார்த்த வீட்டார் பதினேழு பேரும் உண்மையை மறைக்காமல் சொன்னீர்கள். வயலை அடுத்த களிமண் வளவில் மாரிகாலத்தில் இச்செடி தாங்காது என்று தம்பலகாமத்திலிருந்து வந்த செய்தி எனக்கு மிகப் பயன்பட்டது. இப்போது கன்று கேட்போரிடம், களிமண்ணானால் ஒரு சாண் உயரத்துக்கு மணலும் கூட்டெருவும் கலந்து மேடையிட்டு நடுங்கள், இல்லையேல் சாடியில் வையுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பூவைக் காணாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் சதை நிறத்தில் இரண்டடுக்கு இதழ்கள், முனையில் சற்று வெளிறியவை, நடுவட்டம் கரும்பழுப்பு. காம்பு ஒரு சாணும் நான்கு விரலும் உயரம், பென்சிலின் பருமன். இலைகள் நிலத்தோடு படிந்து கிடப்பதால் காற்று அவற்றைப் புரட்டுவதில்லை. பெயரும் நான் வைத்ததன்று. 2020 ஆனியில் மற்ற வரிசைகள் துவண்டு கிடந்த ஒரு மத்தியானம், நிலாவெளி அக்கா 3-47ஐக் காட்டி, சுமைதாங்கிக் கல்லைச் சொல்வதுபோல், “இது கச்சான் தாங்கி” என்றார். கொப்பியிலும் அவ்வாறே எழுதினோம்.

விதையிலிருந்து இதே பூ வராது. பக்கக்கன்று பிரித்தே பெருக்க வேண்டும். ஒரு தூரிலிருந்து ஆண்டுக்கு மூன்று, நான்கு கன்றுகளுக்கு மேல் எடுக்க நான் விரும்புவதில்லை. ஆகையால் இதுவரை விற்பனைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. மாரிமழை ஓய்ந்து தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் நாற்பது தூரையும் பிரிக்கிறோம். முதற் கன்றுகள் இம்மடலில் சொல்லப்பட்ட உங்கள் அனைவருக்கும் எடுத்துவைக்கப்படும். உவர்மலை அம்மாவின் வாசற்படிக்கு மூன்றை நானே கொண்டுவந்து நடுவேன். மற்றவர்கள் காலை ஒன்பது மணிக்கு முன் சாடியோடு வாருங்கள். நடும்போது குருத்தை மண்ணுக்குள் புதைத்துவிடாதீர்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் ரீச்சர்,
உப்புவெளி.