பக்கத்துக்கு ஐந்து ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெங்களூருவில் வளரும் நம் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைக்க, படிக்கும் பக்கத்துக்கு இவ்வளவு என்று பெற்றோர் காசு கொடுக்கலாம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஆனால் அதைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவள் நான்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும்தான். தமிழ் எழுத்தை வீட்டுத் தினசரிக் காலண்டரில்தான் கற்றுக்கொண்டாள். காலையில் எழுந்ததும் தாளைக் கிழித்து நல்ல நேரம், ராகு காலம், பன்னிரண்டு ராசிக்கும் பலன் என்று உரக்கப் படிப்பாள். என் ராசிக்கு ‘அலைச்சல்’ என்று போட்டிருந்தால், "பாட்டி, இன்னிக்கு வெளியே போகாதே" என்பாள். அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ப் பேப்பரில் மடித்த கடலை கிடைத்துவிட்டால், தின்று முடித்ததும் பொட்டலத்தைப் பிரித்து அதிலிருக்கும் பாதிச் செய்தியைப் படிப்பாள். மீதி என்னவாக இருக்கும் என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வருவாள்.

இன்னும் நிறையப் படிக்கட்டுமே என்று கோடை லீவில் பக்கத்துக்கு ஐந்து ரூபாய் என்றேன். முதல் வாரம் பிரமாதம். அப்புறம் படம் பெரிதாக, எழுத்து கொஞ்சமாக இருக்கும் புத்தகமாகப் பார்த்து எடுக்க ஆரம்பித்தாள். கதை எப்படி என்று கேட்டால், "பன்னிரண்டு பக்கம் பாட்டி" என்று பதில் வரும். ஒரு நாள் காலண்டர் தாளை நீட்டினேன். "இதுக்கும் காசு உண்டா?" என்றாள்.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்தது. வரைந்தால் ரிப்பனும் தங்க நட்சத்திரமும் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று சிலரிடம் முன்பே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் யார் தானாகப் பேனாவை எடுக்கிறார்கள் என்று கவனித்தால், முன்பே பேரம் பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்களாம். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. ‘இதைப் பரிசுக்காகத்தான் செய்கிறோம்’ என்று பிள்ளை மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுகிறது என்பதுதான் அவர்கள் தந்த விளக்கம். எட்வர்ட் டெசி என்ற உளவியலாளரின் குழுவினர் 1999-இல் 128 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், இப்படி முன்கூட்டிச் சொல்லித் தரும் பரிசு உள்ளிருந்து வரும் ஆர்வத்தைக் குறைப்பதாகவே தெரிந்தது. மனமாரப் பாராட்டிய ஒரு சொல் அப்படிக் கெடுக்கவில்லை. பிடிக்காத வேலைக்குக் காசு கொடுத்தாலும் கெடுதல் தெரியவில்லை. கெடுவதற்கு அங்கே ஆசையே இல்லையே.

அதனால் அந்த வாசகரையும் மற்றப் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்: ஏற்கனவே ஆசையாகப் படிக்கிற பிள்ளையிடம் பக்கக் கணக்கு பேசாதீர்கள். அது படித்த கதையை உட்கார்ந்து கேளுங்கள். புத்தகம் வாங்கித் தரத் தோன்றினால், முன்பே சொல்லாமல் ஒரு நாள் வாங்கிக் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் காசுப் பேச்சை நிறுத்தி நான்கு மாதமாகிறது. காலண்டர் தாளை இன்னும் நான்தான் கிழிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு