நாச அலைகள் வந்து சேர்ந்தது

தோ பாயோ, சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள சேது,

நீ அனுப்பிய பார்சல் வியாழக்கிழமை கைக்கு வந்தது. பிரிக்காமல் இரண்டு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். சனிக்கிழமை பேத்தி வந்ததும் அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டுதான் நூலை அறுத்தேன். நீ எழுதியிருந்தபடியே அட்டை இல்லாத 'நாச அலைகள்', நம் இரும்புக்கை மாயாவியின் பழைய காமிக்ஸ் புத்தகம். முதல் பக்கத்தில் ஊதா மையில் வாடகை நூலக முத்திரை, அதன் கீழே யாரோ பென்சிலில் குறித்த வரிசை எண். ஓரங்கள் மஞ்சளைத் தாண்டிப் பழுப்பாகிவிட்டன. எத்தனை வீட்டுத் திண்ணையில் எத்தனை பேர் படித்த புத்தகமோ! மனசு நிறைந்துவிட்டது சேது. நன்றி என்று எழுதினால் நீ கோபித்துக்கொள்வாய், இருந்தாலும் எழுதுகிறேன்.

தங்கச்சிக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. வெயிலில் போகவிடாதே. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் மின்தூக்கி பழுதாகும் நாட்களில் தன்னை நினைவுபடுத்துகிறது. வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகப் போகிறது. காலையில் மார்க்கெட், ஒரு கோப்பி, பிறகு அலமாரி. அந்த அலமாரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம், நீ கேட்ட கேள்வி மூன்று நாளாக மனசில் ஓடிக்கொண்டிருக்கிறதே.

"வெள்ளைத் தாளில் பளிச்சென்று மறுபதிப்பு கிடைக்கும்போது இந்தக் கிழிசல் எதற்குடா?" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். மறுபதிப்புகளை நானும் வாங்குகிறேன், வாசிப்பதும் அவற்றைத்தான். ஆனால் மாயாவி நம்மிடம் எந்த வழியாக வந்தான் என்பது பழைய பிரதியில்தான் தெரிகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

உனக்கு 1975 நினைவிருக்கிறதா? என் தாய்மாமா நாகப்பட்டினத்தில் 'சிதம்பரம்' கப்பல் ஏறி வந்தார். தஞ்சோங் பகார் குவார்ட்டர்ஸில் நம் வீட்டு வாசலில் அவர் தகரப் பெட்டியைத் திறந்தபோது மேலே கருவாடு, அப்பளம், அடியில் அம்மாவுக்குச் சுங்குடிச் சேலை. சேலைக்குள் நசுங்காமல் மடித்து வைத்த மூன்று முத்து காமிக்ஸ். அதில் ஒன்று 'இரும்புக்கை மாயாவி'. நாம் இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து, நீ இடது பக்கம் நான் வலது பக்கம் என்று பிரித்துக்கொண்டு படித்தோம். மறுநாள் உன் அப்பாவின் சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளை உருவி வலது கையில் ஒவ்வொரு விரலாகச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாயே! கட்டை விரலுக்குத் தாள் போதாமல் சூயிங்கம் சுற்றிய தாளை ஒட்டியிருந்தாய். மின்சார பிளக் பக்கம் நம்மைப் பார்த்தாலே உன் அம்மா துடைப்பத்தோடு வந்துவிடுவார்.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் அந்த அதிர்ச்சி. பழைய பொருள் வாங்கி விற்கும் காராங்குனிக்காரரிடமிருந்து என் அப்பா பழைய ஆங்கில வார இதழ்களை ஒரு கட்டாக வாங்கி வந்தார், நான் ஆங்கிலம் படித்துப் பழகட்டும் என்று. பிரிட்டிஷ் படையின் பெரும்பகுதி 1971 அக்டோபர் கடைசியோடு சிங்கப்பூரை விட்டுப் போனது. அந்தக் குடும்பங்கள் விட்டுப்போன புத்தகமும் பொம்மையும் அதன் பிறகும் வெகு நாள் சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தையில் கிடைத்தன. அந்தக் கட்டில் 'வேலியண்ட்' என்ற காமிக்ஸ் இதழ்கள். ஒன்றைப் புரட்டினால் நடுப்பக்கத்தில் அதே கை! உடம்பு இல்லை, எஃகுக் கை மட்டும் அந்தரத்தில். நம் மாயாவி இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தான். நான் உன் வீட்டுக்கு ஓடி வந்ததும், "இது காப்பியடிச்சது"ன்னு நீ அடித்துச் சொன்னதும், யார் யாரைக் காப்பியடித்தது என்று நாம் ஒரு வாரம் சண்டை போட்டதும் மறக்குமா?

அந்தச் சண்டைக்கு முழுப் பதில் கிடைக்க எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. லண்டனில் ஃப்ளீட்வே நிறுவனம் 1962 அக்டோபர் 6-ஆம் தேதி வேலியண்ட் முதல் இதழை வெளியிட்டது. அந்த முதல் இதழிலேயே நம் மாயாவியின் ஆங்கில மூலமான 'தி ஸ்டீல் க்ளா' தொடங்கிவிட்டது. முதலில் எழுதியவர் கென் புல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ. ஒரு விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட ஆய்வக உதவியாளன் லூயிஸ் கிராண்டல். இன்னொரு விபத்தில் உயர் மின்சாரம் உடம்பில் பாய, கை தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடுகிறது. தொடக்கத்தில் அவன் நல்லவனே இல்லை, நியூயார்க்கையே மிரட்டுகிறான். பின்னால்தான் திருந்தி 'நிழற்படை' என்ற ரகசிய அமைப்பின் உளவாளியாகிறான், விரலுக்குள் துப்பாக்கியும் வாயுவும் வருகின்றன. இடையில், பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் சக்கைப்போடு போட்ட காலத்தில், அவனுக்கும் ஒரு சூப்பர் ஹீரோ உடையை மாட்டிவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கோட்டும் தொப்பியுமாக மழைத் தெருவில் நடந்து, ஒரு சந்துக்குள் திரும்பி மறைகிறவன்தான் நம்முடைய ஆள்.

பிளாஸ்கோவின் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறாயா? அவசியம் பார். மறைந்து போகிற கட்டத்தில் உடம்பின் விளிம்பு மட்டும் புள்ளிக் கோடாகத் தேய்ந்துகொண்டே போகும். கைக்கு மட்டும் கறுப்பு மையை அள்ளிப் பூசி, கணுக்களின் மேல் ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்றை விட்டிருப்பார். அந்தக் கீற்றினால்தான் அது எஃகு என்று கண் நம்புகிறது. வார இதழின் மட்டமான தாளில் அச்சாகியும் அந்தக் கீற்று அடைபடவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வேலியண்டில் வாரத்துக்குச் சில பக்கம்தான் கதை. அதனால் ஒவ்வொரு வாரமும் முதல் கட்டத்தில் முன்கதைச் சுருக்கம், கடைசிக் கட்டத்தில் உயிர் ஊசலாடும். சிவகாசியில் சௌந்திரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது, முதல் இதழாக எடுத்துக்கொண்டது மாயாவியைத்தான். அகலமான பக்கத்தைப் பிரித்துச் சின்னப் புத்தகத்துக்குத் தக்கபடி கட்டங்களை அடுக்கி, பேச்சு பலூன்களில் தமிழை எழுதி, வாராவாரம் நின்று நின்று போன கதையை ஒரே மூச்சில் படிக்கும்படி ஆக்கினார்கள். என்னிடமிருக்கும் வேலியண்டையும் பழைய முத்துவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த இடத்தில் இரண்டு வாரங்கள் ஒட்டப்பட்டன என்று விரல் வைத்துக் காட்ட முடியும். அதை ஒரு கைவேலையாக மதிக்கிறேன். மறுபதிப்பில் அந்தத் தழும்புகள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

பெயரை யோசித்துப் பார். 'ஸ்டீல் க்ளா'வுக்கு 'எஃகு நகம்' என்று அகராதி பார்த்து வைத்திருந்தால் நீயும் நானும் வெள்ளித்தாளைச் சுற்றியிருப்போமா? மாயாவி என்ற சொல் நம் பாட்டி சொன்ன கதையிலேயே இருந்தது. அதன் தலையில் 'இரும்புக்கை'யைக் கட்டியவர் நமக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார்.

லண்டனில் என்ன ஆயிற்று? 1970களின் தொடக்கத்தோடு புதிய கதைகள் முடிந்துபோயின. 1975-ல் 'வல்கன்' என்ற இதழில் பழையதைத் திரும்பப் போட்டார்கள், அதுவும் அடுத்த வருஷமே நின்றது. வேலியண்டே 1976-ல் 'பேட்டில்' இதழோடு இணைந்து மறைந்தது. பிறகு வெகு காலத்துக்கு அங்கே அவனைக் கேட்பார் அதிகமில்லை. 2005-ல் டைட்டன் நிறுவனம் கெட்டி அட்டையில் ஒரு தொகுப்பு போட்டது. பிறகு ரெபெல்லியன் நிறுவனம் அந்தப் பழைய காமிக்ஸ் உரிமைகளை 2016-லும் 2018-லும் இரண்டு தவணையாக வாங்கி, 2021-ல் முதல் கதைகளைப் புத்தகமாக்கியது. அதற்கு அடுத்து, 2022 ஜனவரியில், சிவகாசியில் முத்து காமிக்ஸ் 50 ஆண்டைக் கொண்டாடினார்கள். பிறந்த ஊர் மறந்திருந்த அத்தனை வருஷமும் அவனுக்குச் சோறு போட்டவர்கள் நம் ஆட்கள், சேது. வாடகை நூலகத்தில் காசு கொடுத்துப் படித்தவர்கள், பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்து வைத்தவர்கள், பிள்ளைகளுக்காக மறுபதிப்பை மறுபடியும் வாங்கியவர்கள். நீ அனுப்பியிருக்கும் இந்த ஊதா முத்திரை அதற்குச் சாட்சி. அதனால்தான் அட்டை இல்லாவிட்டாலும் இது எனக்குப் பெரிது.

அதே காரணத்தால்தான் நீ சொன்ன அந்த வியாபாரியிடம் வாங்கவேண்டாம் என்கிறேன். "கை படாத பிரதி" என்று சொல்லி அவர் கேட்கும் தொகைக்கு உன் பேரன் ஒரு வருஷம் டியூஷன் படிக்கலாம். எனக்கு இங்கே ஒரு அனுபவம் ஆகிவிட்டது. முதல் அச்சு, அட்டை முழுசு என்று ஒருவர் இணையத்தில் விற்றார். பணம் கட்டி வாங்கிப் பார்த்தால் அட்டை மட்டும் வேறு மாதிரி மினுங்கியது. பூதக்கண்ணாடியை வைத்தேன். பழைய ஆஃப்செட் அச்சில் நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பூப்போல் கூடியிருக்கும். இதிலோ புள்ளியும் தெரியவில்லை, மடித்த இடத்தில் நிறம் பொரிப்பொரியாக உதிர்கிறது. கலர் நகல் எடுத்து ஒட்டியிருக்கிறார். உள்ளேயிருந்த பக்கங்களும் பிற்கால மறுபதிப்பு. திருப்பித் தரக் கேட்டதற்குப் பதிலே இல்லை. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை, போன பணத்துக்காக இல்லை, ஏமாற்ற இந்தப் பொருளா கிடைத்தது என்று. நீ எங்கே வாங்கினாலும் விலையையும் பின்னட்டை விளம்பரத்தையும் தாளையும் மூன்றையும் சேர்த்துப் பார்.

சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். கடைசி நாளன்று நானும் போய் நின்றேன். எதுவும் வாங்கவில்லை. வேலியண்டுக்கு இப்போது பிராஸ் பாசா வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றுவேன், எப்போதாவது ஒன்று சிக்கும்.

நாச அலைகளுக்கு நேற்றே வைத்தியம் ஆரம்பித்துவிட்டேன். இந்த ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கிறது, ஸ்டேபிள் பின் துருப்பிடித்துத் தாளையே தின்றுவிடும். இதிலும் இரண்டு பின்னைச் சுற்றிக் காப்பி நிற வட்டம். மெல்லிய தகட்டைப் பின்னின் காலடியில் நுழைத்து, ஒரு மயிரிழை ஒரு மயிரிழையாக நிமிர்த்தி, பின்பக்கமாக உருவி எடுத்தேன். ஒரு பின்னுக்கு அரை மணி நேரம். பேத்தி மூச்சுகூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே ஓட்டையில் பருத்தி நூலைக் கோத்துக் கட்டியிருக்கிறேன். நடுவில் ராமபாணப் பூச்சி அரித்த தடம் ஒன்று பத்துப் பக்கத்துக்குத் தொடர்கிறது. பூச்சி இப்போது இல்லை, பார்த்துவிட்டேன். கேமரா வைக்கிற ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள் இனி இருக்கும். அட்டைக்குப் பதிலாக நகல் எதையும் ஒட்டப் போவதில்லை. வெறும் வெள்ளைத் தாள் ஒன்றைச் சுற்றி, அதில் உன் பெயரையும் தஞ்சாவூர் என்றும் தேதியையும் எழுதியிருக்கிறேன்.

பேத்தி அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். "தாத்தா, இவர் கையைக் கழற்றிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள். நாம் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி. நீ யோசித்து எழுது, அவள் காத்திருக்கிறாள்.

என்னிடம் இரட்டையாக இருக்கும் வேலியண்ட் இரண்டை உனக்கு அனுப்புகிறேன். மாயாவி பக்கங்களில் தாள் செருகி அடையாளம் வைத்திருக்கிறேன். உன் பங்குக்கு 'உறைபனி மர்மம்' பழைய அச்சு எங்காவது கண்ணில் பட்டால் விடாதே. நாலைந்து புத்தகத்தைச் சேர்த்து பைண்டிங் செய்த பிரதியானாலும் பரவாயில்லை, ஓரத்தை வெட்டும்போது பலூன் எழுத்தை மட்டும் வெட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அனுப்பும்போது போன தடவை மாதிரியே இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டு. மழைக்காலம், உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையும் போடு. டேப்பை மட்டும் புத்தகத்தின் மேல் படும்படி ஒட்டாதே.

உன்,
கதிர்