மைக் இல்லாத அந்தக் கால் மணி நேரம்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள வேலூர்க்காரர்களுக்கும், ஆரணி, ராணிப்பேட்டை, குடியாத்தம் என்று பஸ் ஏறி வந்தவர்களுக்கும் வணக்கம்.

பாப்பாவின் சிகிச்சைக்குப் பணம் சேர்க்க நாங்கள் வைத்த ராக் கச்சேரி நடந்தது சித்திரையில். நன்றி சொல்வது கார்த்திகையில். அவளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து நூறு நாள் தாண்டட்டும், அதற்கு முன்னால் எதுவும் எழுத வேண்டாம் என்று அவளுடைய அம்மா கேட்டுக்கொண்டார். போன வெள்ளிக்கிழமை நூறாவது நாள். அன்று சாயங்காலம் அவரே போன் செய்து, "இனிமே எழுதுங்க சார்" என்றார்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சத்துவாச்சாரியில் நான் கிடார் வகுப்பு நடத்துகிறேன். என்னிடம் படித்த ஒரு பையனுடைய அக்கா மகள்தான் பாப்பா. ஆறு வயது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். தலசீமியா என்கிற ரத்த நோய் என்று கண்டுபிடித்தபோது அவளுக்கு ஒன்பது மாதம். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் நான்கு வாரம், ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்பும் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். அது இதயத்திலும் கல்லீரலிலும் படியாமல் இருக்கத் தினமும் மருந்து வேறு. இதிலிருந்து அவளை மீட்க டாக்டர்கள் சொன்ன வழி மஜ்ஜை மாற்று. கூடப் பிறந்தவர்களுடைய மஜ்ஜை முழுசாகப் பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஒன்பது வயது அண்ணன்காரனுடையது பொருந்தியது. அந்த ரிப்போர்ட் வந்த அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள். சந்தோஷத்தில் பாதி, பணத்தை நினைத்துப் பாதி.

சிகிச்சைக்கு மட்டும் பணம் இருந்தால் போதாது. முடிந்த பிறகும் மூன்று மாதம் கிருமி அண்டாமல், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே சுத்தமான தனி வீடு எடுத்து இருக்க வேண்டும். அவ்வளவு நாளும் அப்பா ஆட்டோ எடுக்க முடியாது. அதற்கெல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கச்சேரி.

ராக் கச்சேரி என்றதும் நிறைய பேர் தயங்கினார்கள். சினிமாப் பாட்டு வைத்தால் கூட்டம் சேருமே என்றார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் என்னிடம் இருந்தது அந்த நாலு பிள்ளைகள். லீட் கிடார் வாசிக்கிறவன் காட்பாடியில் செல்போன் பழுது பார்க்கிறான். பாஸ் கிடார் வாசிக்கிற பெண் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். டிரம்ஸ் பையன் மெக்கானிக். பாடுகிறவன் ஆரணிப் பக்கத்துக் கிராமம், தெருக்கூத்துக் குழு (ஜமா) வாத்தியாரின் மகன். மாவட்டத்தை எத்தனையாகப் பிரித்தாலும் இவர்கள் நாலு பேரும் எனக்கு வட ஆற்காட்டுப் பிள்ளைகள்தான். பாப்பாவுக்காக அவர்களால் முழு மனசோடு வாசிக்க முடிந்தது ராக்தான். அதனால் அதையே வைத்தோம்.

முதலில் பேசி முன்பணம் கொடுத்திருந்த மண்டபம், நாலு நாள் இருக்கும்போது கையை விரித்துவிட்டது. அன்று ராத்திரி எட்டரை மணிக்கு வீட்டு வாசலில் போய் நின்ற எங்களுக்கு, தன் பள்ளி மைதானத்தைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியை அம்மாவுக்கு முதல் நன்றி. "பத்து மணிக்கு மைக் நிக்கணும், திங்கக்கிழமை காலையில பிரேயருக்கு மைதானம் சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். வாடகைப் பேச்சே எடுக்கவில்லை. மைக் பர்மிஷனுக்காக நாங்கள் எழுதிப்போன மனுவில் இருந்த தப்புகளைத் தானே திருத்தி, ஸ்டேஷனில் மேசை மேசையாக எடுத்துப்போன ஏட்டையாவுக்கும் நன்றி.

கணக்குப் பார்த்த அக்காவைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதவேண்டும். உதவிக்காக ராக் இசைக்காரர்கள் ஒன்றுகூடிய பெரிய கச்சேரிகளுக்கு வழிகாட்டி என்று 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்ததைச் சொல்வார்கள். வங்காளதேச அகதிகளுக்காக சிதார் கலைஞர் ரவிசங்கர் கேட்டு, பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் கூட்டிய கச்சேரி. ஒரே நாளில் இரண்டு காட்சி. நுழைவுச் சீட்டில் வந்த சுமார் 2,43,000 டாலர் ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெரும்பணம், முன்கூட்டியே முறைப்படி ஏற்பாடு செய்யாததால் வரிச் சிக்கலில் பல வருஷம் மாட்டிக்கொண்டது. வகுப்பில் ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னேன். பக்கத்து ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் அக்கா, மகளைக் கூட்டிப்போக வந்தவர், நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம பணம் ஒரு நாள்கூட மாட்டக் கூடாது சார்" என்று சொல்லி, அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டார். வங்கிக் கணக்கு, ரசீதுப் புத்தகம், எல்லாம் அவர் பொறுப்பு. உண்டியலாக வைத்த எவர்சில்வர் குடத்தை நாலு பேர் முன்னால்தான் திறக்க வேண்டும் என்றதும் அவர்தான். கச்சேரி முடிந்த மூன்றாம் நாள் பணம் ஆஸ்பத்திரிக் கணக்கில் இருந்தது. வரவு செலவு முழுக்க வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

வேலூர் வெயிலை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆறு மணிக்கும் மைதானத்து மண் சுட்டது. ஏழு மணிக்குத் தொடங்கி எட்டே கால் வரைக்கும் பிள்ளைகள் நன்றாகத்தான் வாசித்தார்கள். ஆனால் பின்வரிசைகள் இன்னும் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தன. அப்போது கிழக்கே இருந்து புழுதிக் காற்று. கரன்ட் போனது. ஜெனரேட்டர் போட்டார்கள். இரண்டு பாட்டு ஓடியிருக்கும், பெரிய பெரிய சொட்டாக மழை விழ ஆரம்பித்தது. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் யாரையும் கேட்கவில்லை. ஓடிப்போய் மெயினை அணைத்தார். "பெட்டி போனா வாங்கிக்கலாம் சார், புள்ளைங்க கையில இரும்புக் கம்பி" என்றார். கிடார் கம்பியைத்தான் சொன்னார். அவர் பிழைப்பே அந்தப் பெட்டிகள்தான். அவற்றை மூடுவதற்கு முன்னால் பிள்ளைகள் நனையாத இடத்தில் நிற்கிறார்களா என்று பார்த்தார் அவர். பிறகுதான் பழைய கல்யாண ஃபிளெக்ஸ்களை எடுத்துவந்து மூடினார். அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

மேடை இருட்டு. கிடார் ஊமை. கூட்டம் எழுந்துவிட்டது. போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

டிரம்ஸுக்குக் கரன்ட் வேண்டியதில்லை. அந்தப் பையன் நிறுத்தவே இல்லை. பெரிய டிரம்மை மட்டும் காலால் மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, பாடகன் மேடையிலிருந்து மண்ணில் குதித்தான். கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றான். தலையைப் பின்னால் சாய்த்து, "பாலாறே..." என்று ஒரே இழுப்பு.

அவர்களே கட்டிய பாட்டு அது. தண்ணீரில்லாத ஆற்றைக் கூப்பிடுகிற பாட்டு. அந்தக் குரலை மைக்கில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மைக் இல்லாமல் அன்றுதான் கேட்டேன். விடிய விடிய ஊர்க்கோடி வரைக்கும் கேட்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிவந்த தொண்டை. மழைச் சத்தத்தைத் தாண்டி, தெருமுனை டீக்கடையில் நின்றவர்களுக்கும் கேட்டதாம்.

இரண்டாம் தடவை "பாலாறே" என்றபோது முதல் வரிசையிலிருந்து இன்னொரு குரல் எழுந்தது. "எப்ப வருவே?" அவனுடைய அப்பா. சித்திரையும் வைகாசியும் கூத்துக்காரர்களுக்கு ஓய்வில்லாத மாதங்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து வரிசையாக நடக்கும். அதில் ஒரு ராத்திரியை விட்டுவிட்டு, மகன் என்னதான் பாடுகிறான் பார்ப்போம் என்று வந்திருந்தார். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இடது உள்ளங்கையைக் காதுக்குக் குவித்து, மகனுக்குப் பின்பாட்டு எடுத்தார். மூன்றாம் தடவை அவரோடு நாலு வரிசை. அப்புறம் மைதானம் முழுக்க.

"பாலாறே!" "எப்ப வருவே?"

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. லைவ் எய்ட் கச்சேரியில் குயின் என்கிற இங்கிலாந்து ராக் குழு பாடிய வீடியோவை வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டுவேன். 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம், எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக பாடகர்கள் பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் கூட்டியது. குயினுக்குக் கிடைத்தது சுமார் 21 நிமிஷம். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது, விளக்கு வித்தை எதுவும் எடுபடாது. நம்ம நாட்டில் பஞ்சகனி விடுதிப் பள்ளியில் படித்தபோதே நண்பர்களோடு இசைக்குழு சேர்த்த, குயினின் பாடகர் பிரெடி மெர்க்குரி, வெறும் குரலை இழுத்து எறிகிறார். சுமார் 72,000 பேர் அதை அப்படியே திருப்பி எறிகிறார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது நம்ம பாடகனுக்குப் பதினாறு வயது. "சார், இது எங்க அப்பா பண்றதுதானே? பின்பாட்டு" என்றான். அன்றைக்கு ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் சொன்னது முழுசாகப் புரிந்தது இந்த மழையில்தான்.

கால் மணி நேரம் இருக்கும். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. பாஸ் வாசிக்கிற பெண் கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு தகர நாற்காலியைக் கவிழ்த்து உள்ளங்கையால் அடித்துத் தாளத்தில் சேர்ந்துகொண்டாள். டிரம்ஸ் பையனின் ஒரு குச்சி பாதியில் உடைந்து பறந்தது. மீதித் துண்டோடேயே முடித்தான். ஓரமாக நின்ற ஆட்டோவில் அம்மா மடியில் முகக்கவசத்தோடு பாப்பா. முன் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைத் தன் வளையலால் தட்டிக்கொண்டிருந்தாள். தப்பாமல், சரியான இடத்தில்.

பின்பக்கம் வலது மூலையில் நின்று பாடியவர்களில் ஒரு பத்துப் பதினைந்து பேருக்குத் தமிழே தெரியாது. காந்தி ரோட்டு லாட்ஜ்களில் தங்கி வைத்தியம் பார்க்க வந்த வங்காளக் குடும்பங்கள். கடைப் பலகைகளில் தமிழோடு வங்காள எழுத்தையும் பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது, இருந்தாலும் அவர்கள் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "எப்ப வருவே" என்ற இரண்டு சொல்லை அங்கேயே கற்றுக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார்கள். அதில் ஒரு தாத்தா, தன் பேரனுக்கும் இதே நோய்தான் என்று சைகையில் சொல்லி, மடித்த நோட்டு ஒன்றைக் குடத்தில் போட்டார். ஐயா, நீங்கள் எந்த ஊருக்குத் திரும்பிப் போனீர்களோ தெரியாது. உங்களுக்கும் பேரனுக்கும் எங்கள் வணக்கம்.

மழைக்கு எழுந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் குடத்தின் பக்கம் வரிசையில் நின்றார்கள். இரண்டாவது குடத்தைப் பள்ளிச் சத்துணவுக் கூடத்திலிருந்துதான் எடுத்துவந்தோம். எடுத்துக் கொடுத்த ஆயாம்மாவுக்கு நன்றி.

பணம் கொடுக்காமல் ரத்தம் கொடுத்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கச்சேரிக்கு வந்து பேர் எழுதிக் கொடுத்தவர்கள் முறைவைத்துப் போய்க் கொடுத்தார்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்பதால், பட்டியல் போட்டுத் தேதி பார்த்துப் போன் செய்தது லேப் டெக்னீஷியன் தம்பி. மேடையில் ஐந்து நிமிஷம் பேசியதும் அவர்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் இந்த நோயின் கடத்திகளாக இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு உண்டு, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துகொள்ளலாம் என்றார். அடுத்த வாரமே மூன்று ஜோடிகள் அவரிடம் விசாரித்தார்களாம். கேட்டு மனசு நிறைந்தது.

தண்ணீர் கேன் போட்ட கடைக்காரர், நாற்காலிக்கு வாடகை வாங்காத பந்தல்காரர், டிரம்ஸ் செட் கொடுத்த சர்ச் பாடகர் குழு, பிரியாணி அண்டாவை ஆம்பூரிலிருந்து தன் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கிய பாய், ஞாயிற்றுக்கிழமை காலையில் சேற்றில் இறங்கி மைதானத்தைப் பெருக்கிய என் வகுப்புப் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை பிரேயர் நேரத்துக்கு நடந்தது என்று தலைமை ஆசிரியை அம்மா சொல்லியனுப்பினார்.

பாப்பாவின் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. மஜ்ஜை எடுக்கிற அன்று அவன் டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, "அவ இனிமே ஸ்கூலுக்கு லீவு போடாம வருவாளா?" என்பதுதான். டேய் தம்பி, நீ செய்ததை நாங்கள் யாரும் செய்யவில்லை.

பாப்பாவின் முடி இப்போது சுருட்டையாக முளைக்கிறது. ரத்தம் ஏற்றி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. கூட்டமான இடத்துக்கு இன்னும் சில மாதம் போகக் கூடாது. மாத்திரையும் செக்கப்பும் தொடர்கின்றன. போனில் பேசினால் முதலில் "பாலாறே" என்கிறாள். நான் பதில் சொல்லாவிட்டால் விடுவதில்லை.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு மைதானத்தில் விட்டுப்போன ஒரு பச்சைக் குடை, இரண்டடுக்கு டிபன் கேரியர், குழந்தைச் செருப்பு ஒற்றை, எல்லாம் வகுப்பில் பத்திரமாக இருக்கின்றன. சாயங்காலம் ஐந்துக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சுவரில் கணக்கு இருக்கிறது, அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
கிடார் வாத்தியார், சத்துவாச்சாரி