மேற்கு ஜன்னலும் மூடப்பட்ட வெண்டிலேட்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டு உள்ளலங்காரப் பக்கத்தைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். வீட்டைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளும் வழிகளாக அதில் சொல்லப்படுபவற்றில் கனத்த திரைச்சீலை, ஃபால்ஸ் சீலிங் (கூரைக்குக் கீழே பலகையால் அமைக்கும் இரண்டாம் தளம்), ஏர் கூலர் ஆகிய மூன்றும் தவறாமல் இடம்பெறுகின்றன. வேலூரில் இருப்பவர்களுக்கு இவை ஓரளவு பயன்படலாம். குமரி மாவட்டத்திலோ காசு கொடுத்துப் புழுக்கத்தை வாங்கும் வேலையாகவே இவை முடிகின்றன. இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதாலும், அந்தக் காசைக் கொடுத்து ஏமாந்தவன் என்பதாலும் இதைச் சொல்கிறேன்.

வேலூர் வெயில் வேறு, நம் வெயில் வேறு. இரண்டு பருவமழையும் பெய்கிற, கடலும் மலையும் நெருங்கி நிற்கிற இந்த மாவட்டத்தில் வெப்பமானி 40 டிகிரியைத் தொடுவது அரிது. ஆனால் காற்றிலுள்ள ஈரப்பதத்தால் வியர்வை உலர்வதில்லை, இரவிலும் பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. உலர்ந்த காற்றில் அது நன்றாக வேலை செய்யும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில், அதுவும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஓட்டினால், ஒரு மணி நேரத்தில் படுக்கை விரிப்பே நமத்துப் போகும். ஆகவே நமக்கு வேண்டியவை இரண்டு: வெயில் உள்ளே வராமல் இருப்பது, காற்று உடம்பின் மீது ஓடிக்கொண்டே இருப்பது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் படுக்கையறைக்கு ஃபால்ஸ் சீலிங் போட வந்தவர்கள், ஜன்னலுக்கு மேலே இருந்த இரண்டு வெண்டிலேட்டர்களையும் அழகு கெடுகிறது என்று பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். நானும் தலையசைத்தேன்; பள்ளிக்கூடத்தில் சூடான காற்று மேலெழும் என்று முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவன் செய்கிற காரியமா என்று மனைவி இன்றும் கேட்பதுண்டு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் சில மணி நேரம் பிந்தித்தான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும். அதற்கும் ஜிப்சம் பலகைக்கும் இடையில் அகப்பட்ட காற்று வெளியேற வழியில்லாமல் நள்ளிரவு வரை சூடாகவே நின்றது. பலகையில் அந்த இடத்தை அறுத்தெடுத்து வெண்டிலேட்டர்களைத் திறந்துவிட்ட பிறகுதான் அந்த அறையில் உறங்க முடிந்தது. ஃபால்ஸ் சீலிங்கே கூடாது என்பது என் வாதம் அல்ல. மேலே உள்ள இடைவெளியில் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும்; அந்த ஏற்பாடு இல்லையென்றால் அது கூரைக்குக் கீழே கட்டிய அடுப்பு.

இதைவிடச் சிக்கலானது மேற்குச் சுவர். பிற்பகல் வெயில் முழுவதும் அதன் மீது விழுவதால், மேற்கில் ஜன்னல் வைக்காதீர்கள் என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வருவதும் அந்தத் திசையிலிருந்துதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. மேற்கை அடைத்தால் ஆனி, ஆடிக் காற்றையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம். திறந்து வைத்தாலோ வெயிலும் மழைச் சாரலும் உள்ளே வருகின்றன. இந்தச் சங்கடத்துக்கு விடை தேடி அலைய வேண்டியதில்லை. தக்கலைக்குப் பக்கத்தில், பத்மநாபபுரம் அரண்மனையில் அது நின்றுகொண்டிருக்கிறது. அங்கே தாழ இறங்கும் ஓட்டுக் கூரையின் கீழே, வெளிப்புறமாகச் சாய்ந்த மர அழிகள், அதாவது இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள், வெயிலையும் சாரலையும் தடுத்துக் காற்றை மட்டும் விடுகின்றன. வெளியே கண் கூசும் நேரத்திலும் உள்ளே மங்கலான ஒளியும் காலுக்குக் குளிர்ந்த கருந்தரையும்தான். சுற்றுலாப் பயணிகள் தரையின் பளபளப்பைப் பார்த்து வியக்கிறார்கள். வீடு கட்டப் போகிறவர்கள் அந்த அழிகளைத்தான் அளந்து பார்க்க வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஆழமான சன்ஷேடும், சாய்ந்த மரச் சட்டமோ மூங்கில் தட்டியோ வைத்தால் அதே வேலை நடக்கும். நம் ஊர் ஆசாரிகளுக்கு இது கடினமான பணி அல்ல. திரைச்சீலை இதற்கு ஈடாகாது. வெயில் கண்ணாடியைக் கடந்த பிறகு அதைத் தடுத்தால், சூடு அறைக்குள்தான் தங்கும்.

வடக்கு ஜன்னலில் வெயில் படாது என்பதும் நமக்குப் பொருந்தாது. நாகர்கோவில் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 8 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முடிய, நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்குப் பக்கத்துக்கும் சன்ஷேடு தேவை.

ஜன்னலின் அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-ல் வெளியிட்ட குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் திறக்கக்கூடிய பரப்பு தரைப் பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, இருக்க வேண்டும் என்கிறது. சிறு வீடுகளை அது கட்டாயப்படுத்துவதில்லை என்றாலும் கணக்கு எல்லோருக்கும் பொதுவானது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 20 சதுர அடி திறப்பு வேண்டும். இப்போது எல்லோரும் விரும்பிப் போடும் நாலுக்கு நாலடி ஸ்லைடிங் ஜன்னலில், ஒரு கண்ணாடி மற்றொன்றின் பின்னால் ஒதுங்குவதால், திறப்பது 8 சதுர அடிதான். பழைய மரக் கதவு ஜன்னல் முழு 16 சதுர அடியும் திறக்கும். மீதிக்கு வெண்டிலேட்டர் இருக்கிறது, அடைக்காமல் விட்டால்.

கூரையைப் பொறுத்தவரை, மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதே செலவு குறைந்த வழி. புதிதாகக் கட்டுவோர், திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பல வீடுகளில் செய்து காட்டியபடி, தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே பழைய கொல்லம் ஓடுகளை வைத்து வார்க்கலாம். கான்கிரீட்டும் மிச்சமாகும், சூடும் குறையும்.

அறைக்குள் வைக்கும் பொருள்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஃபோம் சோபாவைவிடப் பிரம்பு நாற்காலி முதுகுக்குக் காற்று விடும். ஃபோம் மெத்தையைவிட இலவம்பஞ்சு மெத்தையோ பாயோ நல்லது. அலமாரியை மேற்குச் சுவரோரம் வைத்தால் அது சூட்டைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ஆனால் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்காவிட்டால் ஆடி மழையில் பின்பலகை பூஞ்சணம் பூத்துவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் தும்மத் தொடங்கினால் முதலில் அங்கே பாருங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். உள்ளலங்காரப் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது, எந்த மாவட்டத்துக்கான ஆலோசனை என்பதைக் குறிப்பிட்டு, உள்ளூர்க் கொத்தனார்களையும் ஆசாரிகளையும் பேசவைத்து வெளியிட வேண்டும். மாவட்ட நிர்வாகத்துக்கும் தங்கள் வாயிலாக ஒன்று: கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடியில் கான்கிரீட் வீடு கட்டுவோருக்கு ஒன்றிய அலுவலகத்தில் வரைபடம் காட்டும்போதே, எதிரெதிர் ஜன்னல், வெண்டிலேட்டர், மேற்குப் பக்கச் சன்ஷேடு ஆகியவற்றை வரைந்து கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஏ.சி. வாங்கும் வசதி இல்லாதவர்களின் வீடுகள் அவை. வார்ப்புப் பலகை பிரித்த பிறகு அவற்றில் எதையும் சேர்ப்பது எளிதல்ல.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தக்கலை.