முதியோருக்கு மாதம் ஒருநாள் தனிக் குறைதீர் கூட்டம் நடத்தக் கோரி மனு

அனுப்புநர்:
மூத்த குடிமக்கள் சங்கத்தினர்,
செல்லூர், மதுரை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பொருள்: முதியோருக்குத் தனிக் குறைதீர் கூட்டம் நடத்தவும், அதில் முதியோர் சங்கங்களைப் பேச அனுமதிக்கவும் வேண்டுதல்.

நாங்கள் தறி நெய்தும், கொத்து வேலை பார்த்தும், தெருத்தெருவாகக் காய் விற்றும் வயதானவர்கள். விவசாயிகளுக்குக் குறைதீர் கூட்டம் இருக்கிறது. அரசு ஓய்வூதியர்களுக்கும் இருக்கிறது. சம்பளச் சீட்டே பார்க்காமல் முதுமைக்கு வந்துவிட்ட எங்களுக்குத்தான் ஒரு நாள் இல்லை. திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நின்று மனுவைக் கொடுக்கிறோம், ரசீது வாங்குகிறோம், திரும்புகிறோம். விவரம் சொல்ல நேரம் கிடைப்பதில்லை.

ஆனால் எங்கள் குறைகள் விவரமாகச் சொல்ல வேண்டியவை. முதியோர் உதவித்தொகையை 2023-ல் மாநில அரசு 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தியது. நன்றியோடு சொல்கிறோம். அந்தப் பணத்தை வாங்க விரலை எந்திரத்தில் வைக்க வேண்டும். நாற்பது ஐம்பது வருடம் நூல் இழுத்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? துடைத்து, எண்ணெய் தடவி, பத்து விரலையும் வைத்துப் பார்த்தும் விழாமல், "வங்கிக்குப் போய்ப் பாருங்க பாட்டி" என்ற பதிலோடு உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மாத்திரைக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

அடுத்தது, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். பராமரிப்புத் தொகை கேட்கும் மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் மேலும் 30 நாள், அதுவும் ஒரே ஒருமுறை. எங்கள் உறுப்பினரான 74 வயது அம்மா ஒருவர், பார்த்துக்கொள்வதாகச் சொன்ன மகனுக்கு வீட்டைத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார். பராமரிப்பு கேட்டு மனுப் போட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டது, வாய்தாதான் கிடைக்கிறது. துணைக்குப் போன எங்களை "நீங்க யாரு?" என்று கேட்டு வெளியே நிறுத்தினார்கள். தானாக மனு செய்ய முடியாதவருக்காக, அவர் அதிகாரம் கொடுத்த பதிவுபெற்ற அமைப்பு மனு செய்யலாம் என்று அதே சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. எங்கள் சங்கம் பதிவு பெற்றது.

நாங்கள் எந்தக் கட்சியையும் சேர்ந்தவர்கள் அல்ல. தேர்தலின்போது எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே கோரிக்கையைத்தான் கொடுத்தோம். 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்க அதிகாரிகள் வாசலுக்கே வந்தார்கள். மனம் வைத்தால் வர முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

எனவே மாதம் ஒருநாள், படி ஏறத் தேவையில்லாத தரைத்தளத்தில், கோட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர், முன்னோடி வங்கி மேலாளர் ஆகியோரை வைத்து முதியோர் குறைதீர் கூட்டம் நடத்த உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கைரேகை விழாதவர்களுக்கு வீட்டிலேயே பணம் கிடைக்க மாற்று வழி வேண்டும். 90 நாள் தாண்டிய பராமரிப்பு மனுக்களின் பட்டியலை முதல் கூட்டத்திலேயே வைக்க வேண்டும். அப்புறம், உதவித்தொகையில் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு 200 ரூபாய்தான். அதை உயர்த்தக் கேட்கும் எங்கள் கோரிக்கையையும் தங்கள் பரிந்துரையோடு அனுப்பி வைக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கச் செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
செல்லூர், மதுரை.