சாயத் தண்ணீருக்கு வெயில் வைத்தியம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் குடியிருப்புக் கால்வாயில் சில நாள் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் ஓடுகிறது. மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்தேக் துணிப் பட்டறைகளின் சாயம்தான். படிகாரம் போட்டால் சாயம் சகதியோடு அடியில் தங்கும், அழியாது. வெள்ளைப் பெயின்டில் கலக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு தூளோ, புற ஊதா ஒளி பட்டால் சாய மூலக்கூறையே உடைக்கவல்லது. அதன் ஒளிவினையை 1972-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் உலகறியச் செய்தார்கள். கூடவே காதுக்குக் கேட்காத மீயொலியைத் தண்ணீரில் செலுத்தினால் நுண்குமிழிகள் உடையும் வேகத்தில் தூளின் மேற்பரப்பு கழுவப்பட்டு வேலை சுறுசுறுப்பாகும். சரி, அதற்குக் கரண்டு நிறையப் பிடிக்கும். வெயிலில் புற ஊதாவும் கொஞ்சம்தான். ஆனாலும் பினாங்கில் வெயிலுக்கா பஞ்சம்? சிறு பட்டறைகளுக்குப் பொதுவாக ஒரு தொட்டி கட்டி, மாநில அரசு சோதித்துப் பார்க்கட்டுமே!

வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு