மண்ணின் புளிப்பை எதை வைத்துப் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் மாடித்தோட்டப் பக்கத்தில், செடி மஞ்சளடித்தால் முதலில் மண்ணின் பிஹெச் அளவை (7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) பாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். சரியான யோசனை. ஆனால் எதை வைத்துப் பார்ப்பது என்பதை, ‘நர்சரியில் கிடைக்கும் மீட்டரைத் தொட்டியில் குத்திப் பாருங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அப்படிப்பட்ட மீட்டரை நம்பி ஒரு செடியைப் பறிகொடுத்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் இருபது தொட்டிகள் இருக்கின்றன. மூன்று வருடங்களுக்கு முன்பு இட்லிப் பூச் செடியின் கொழுந்து இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. பேட்டரி இல்லாத, இரண்டு கம்பி வைத்த மீட்டரைக் குத்தினேன். முள் 5-இல் நின்றது. மண் புளித்துவிட்டது என்று நினைத்து, புளிப்பைக் குறைக்க ஒரு கைப்பிடி சுண்ணாம்பு போட்டேன். ஒரே மாதத்தில் மிச்ச இலைகளும் வெளுத்துச் செடி போய்விட்டது. அதே மண் கலவையும் அதே தண்ணீரும் உள்ள, சுண்ணாம்பு படாத பக்கத்துத் தொட்டியைப் பிறகு முறையாகச் சோதித்தேன். 8-க்குச் சற்று மேலே இருந்தது. 5-க்கும் 8-க்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். பிஹெச் கணக்கில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு. ஆக, ஆயிரம் மடங்கு தவறு.

அந்த மீட்டரில் இருப்பது இரண்டு வேறு உலோகங்கள். ஈர மண்ணில் அவற்றுக்கிடையே பிறக்கும் சிறு மின்சாரம்தான் முள்ளை நகர்த்துகிறது. ஈரம் கூடினாலும், உரத்தின் உப்பு இருந்தாலும் முள் நகரும். நான் அன்று காலையில்தான் உரம் கரைத்து ஊற்றியிருந்தேன்.

லிட்மஸ் தாளும் இதற்கு உதவாது. அது ஏறக்குறைய 4.5-க்குக் கீழே சிவக்கும், 8.3-க்கு மேலே நீலமாகும். தோட்ட மண் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மஞ்சள் தடவிய தாளோ காரத்தை மட்டுமே காட்டும், புளிப்பைக் காட்டாது. வினிகர் ஊற்றிப் பொங்குகிறதா என்று பார்ப்பதில் ஒரு பயன் உண்டு: பொங்கினால் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று தெரியும். இடித்த கட்டட ரப்பிள் கலந்த மண் நம் ஊரில் நிறையக் கிடைப்பதால் அதைச் செய்து பார்க்கலாம். ஆனால் அளவு தெரியாது.

வீட்டுக்கு என் தேர்வு, பல நிறம் காட்டும் பிஹெச் தாள். நிழலில் உலர்த்திய மண் 20 கிராம், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 50 மில்லி. அவ்வப்போது கலக்கி அரை மணி நேரம் விட்டு, மேலே தெளிந்த நீரில் மட்டும் தாளைத் தொட்டு எடுக்க வேண்டும். கலங்கல் நீரில் தோய்த்தால் மண்ணின் நிறம் தாளில் ஏறிவிடும். குழாய்த் தண்ணீரை எடுத்தால் தண்ணீரின் காரத்தையும் சேர்த்தே அளந்துவிடுவோம். அரை எண் முன்னே பின்னே இருக்கும்தான். ஆனாலும் சுண்ணாம்பு போடலாமா கூடாதா என்று முடிவெடுக்க அது போதும்.

டிஜிட்டல் பேனா மீட்டர் இதைவிடத் துல்லியம். ஆனால் பிஹெச் 4, 7 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசல்களில் வைத்து அடிக்கடி சரிபார்க்க வேண்டும், அதன் கண்ணாடிக் குமிழைக் காயவிடவே கூடாது. இதையெல்லாம் செய்ய முடியாதவர்கள் அதில் பணம் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். தரைத்தோட்டமோ நிலமோ வைத்திருப்பவர்கள் ஒரு முறையாவது வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, நாலைந்து இடங்களில் அரையடி ஆழம் வரை எடுத்துக் கலந்த அரை கிலோ மண் போதும். சோதனை முடிவை எழுதித் தர 2015-இல் வந்த மண்வள அட்டையில் பிஹெச்சோடு உப்பின் அளவு, கரிமச்சத்து, பேரூட்டம், நுண்ணூட்டம் என்று மொத்தம் 12 விவரங்கள் இருக்கும்.

இன்னொன்று, தண்ணீரையும் அதே தாளில் பாருங்கள். எங்கள் போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. அதைத்தான் தினமும் செடிக்கும் ஊற்றினேன். மண் அப்படித்தான் மெல்ல மெல்லக் காரமானது, இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேர் எடுக்க முடியாமல் போனது. இப்போது இட்லிப் பூவுக்கு மட்டும் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுகிறேன்.

தோட்டப் பக்கத்தில் அடுத்த முறை, சென்னைக்குப் பக்கத்தில் உள்ள மண் பரிசோதனை நிலையங்களின் முகவரியையும் கட்டணத்தையும் விசாரித்துப் போடுங்கள். கூடவே, சோதிக்காமல் சுண்ணாம்பு போட வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை